தோற்றவருக்கும் நாற்காலி

(9-ஆம் வகுப்பு மாணவி)



சமூக அறிவியலில் தேர்தல், அரசியல் கட்சிகள் பாடம் படித்தோம். ஒரு தேர்தலில் எதிர்க்கட்சிக்காரங்க ஒருத்தர்கூட ஜெயிக்கலைன்னா அப்புறம் சபையில் யார் கேள்வி கேட்பாங்க? மொரிசியஸ் நாட்டில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

மொரிசியஸ் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடு. நம்ம திருநெல்வேலி மாவட்டம் அளவுகூட இல்லை. மக்கள் 12 லட்சத்துக்குச் சற்று மேல். ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வாரிசுகள்தான் அதிகம். தமிழர்களும் உண்டு. அவங்க ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கு! 1998-ல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிட்டாங்க. தமிழர்கள் போராடியதும் அந்த நோட்டையே திரும்ப வாங்கிட்டாங்க. (இது தேர்தல் விஷயம் இல்லை. ஆனாலும் சொல்லாம இருக்க முடியலை.)

1968 மார்ச் 12-ல் அந்த நாடு விடுதலை பெற்றது. 2021 உள்ளாட்சித் தேர்தலில் நம்ம அம்மாக்களுக்கு வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு சீட்டு கொடுத்தாங்க இல்லையா? அங்கே சட்டசபைத் தேர்தலுக்கு ஒரே சீட்டுதான், ஆனால் அதில் மூணு பேருக்குக் குறி போடணும். ரெண்டு பேருக்கு மட்டும் போட்டால் செல்லாது. 20 தொகுதி, தொகுதிக்கு 3 பேர், ஆக 60. தள்ளியிருக்கும் ரோட்ரிக்ஸ் தீவுக்கு 2 பேர்.

நிறைய பேர் மூணு குறியையும் ஒரே கூட்டணிக்குப் போட்டுவிட்டால் அலை மாதிரி அள்ளிக்கிட்டுப் போயிடும். 1982, 1995, 2024 மூன்று தேர்தலிலும் 60-க்கு 60 ஒரே கூட்டணிக்கே கிடைத்தது. 1982-ல் அவர்கள் வாங்கியதோ பத்துக்கு ஆறு ஓட்டும் கொஞ்சமும்தான். மீதிப் பேருக்காகப் பேச அந்த 60-ல் ஆள் இல்லை. அப்படி ஜெயித்த கூட்டணியும் உடைந்து, 1983 ஆகஸ்ட்டிலேயே மறுபடி தேர்தல் வந்தது தனிக் கதை.

அங்கே "பெஸ்ட் லூசர்" என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தோற்றவர்களில் நன்றாக ஓட்டு வாங்கிய 8 பேர் வரை சபைக்குள் சேர்க்கலாம். நல்லாத்தானே இருக்கு? ஆனால் இதில் ஒரு சிக்கல். எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைவு என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். இந்து, முஸ்லிம், சீனர், பொது என்று நாலே பிரிவு. தமிழர்களை இந்துவில் சேர்த்துவிட்டார்கள். அதுவும் 1972 மக்கள்தொகைக் கணக்கை வைத்து! அதன்பிறகு சமூகவாரியாக எண்ணவே இல்லை. வேட்பாளர் தன் பிரிவைச் சொல்லியே ஆகணும் என்பதும், இந்தப் பழைய கணக்கும் சரியில்லை என்று 2012-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் சொல்லாமல் நிற்க விட்டார்கள்.

"நம்ம ஊர்லயும் இட ஒதுக்கீடு இருக்கே?" என்று என் தோழி கேட்டாள். இருக்கு. ஆனால் இங்கே எந்த வார்டு பெண்களுக்கு என்று ஓட்டுக்கு முன்னாடியே சொல்லிடுதாங்க. நிற்பவரில் யாரு வேணும்னு ஊர் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணும். அங்கே ஓட்டு எண்ணி முடித்தபிறகு பங்கு வைக்கிறார்கள். என் கணக்குப்படி நாற்காலி கொடுப்பது சரி, என்ன பிரிவு என்று கேட்டுக் கொடுப்பதுதான் சரியில்லை. கட்சி வாங்கிய ஓட்டைப் பார்த்தே கொடுத்திருக்கலாம்.

2024-ல் தோற்ற கூட்டணிக்கு இந்த வழியில் 2 பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவரான ஜோ லெஜோங்கார்தான் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார்.