ஹெட்போன்லயே மிக்ஸ் பண்ணலாமா?

ஹாஸ்டல் ரூமில் ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஹெட்போன். நம்மில் பலருக்கு ஸ்டுடியோ இவ்வளவுதான். ஹெட்போனில் பாட்டு சூப்பரா இருக்கும். கல்ச்சுரல்ஸ் ஸ்பீக்கரில் போட்டா பேஸ் மட்டும் இடிக்கும், குரல் அமுங்கிடும். ஏன்?

ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் போகும், மில்லிசெகண்டில் ஒரு பங்கு தாமதமாக. ஹெட்போனில் இந்தக் கலப்பு கிடையாது. அதனால் பேனிங் நிஜத்தைவிட அகலமாகத் தெரியும். பேஸ் காதில் விழுமே தவிர உடம்பில் அதிராது; போதலைன்னு நினைச்சு ஏத்திடுவோம்.

எதை வாங்கலாம்?

குரல் பதிவும் செய்வீங்கன்னா க்ளோஸ்டு-பேக். சத்தம் மைக்கில் அதிகம் கசியாது. 1991-ல் வந்த சோனி எம்டிஆர்-7506 இந்த வகைதான். ஓப்பன்-பேக்கில் ஒலி இயல்பாக விரியும், மிக்ஸிங்குக்கு நல்லது; ஆனா ரூம்மேட் தூங்க முடியாது.

இம்பீடன்ஸையும் பாருங்க. பவர் = வோல்டேஜின் வர்க்கம் ÷ இம்பீடன்ஸ். 1 வோல்ட் கொடுத்தால் 63 ஓம் உள்ள 7506-க்குச் சுமார் 16 மில்லிவாட் போகும். 300 ஓம் உள்ள சென்ஹைசர் எச்டி 600-க்கு 3.3 மட்டுமே. லேப்டாப் ஜாக் அதற்குப் போதாமல் போகலாம். தனி ஆம்ப் தேவைப்படும். சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துப் பார்க்கணும்.

புளூடூத் வேண்டாம். பாடிக்கொண்டே கேட்டால் தாமதம் தெரியும்.

எப்படிப் பயன்படுத்துவது?

1. நல்லாத் தெரிஞ்ச ஒரு பாட்டை உங்க மிக்ஸோட அதே சத்த அளவில் மாத்தி மாத்திக் கேளுங்க. எந்த ஹெட்போனும் முழு உண்மை சொல்லாது. அது எங்கே கூட்டுது, எங்கே குறைக்குதுன்னு இப்படித்தான் பிடிபடும்.

2. பேச்சுச் சத்த அளவில் மிக்ஸ் பண்ணுங்க. சத்தம் கூடக்கூட பேஸ் நம் காதுக்குத் தூக்கலாகத் தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினாங்க.

3. மோனோவில் ஒரு தடவை கேளுங்க. ஏதாவது கருவி காணாமல் போனால் ஃபேஸ் பிரச்சினை.

4. கடைசியா போன் ஸ்பீக்கர், நண்பனோட ஸ்பீக்கர் ரெண்டிலும் போட்டுப் பாருங்க.

காது முக்கியம்

அமெரிக்காவின் நியோஷ் நிறுவனப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 94-ல் ஒரே மணி. உள்காதின் முடிச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மணிக்கு ஒருமுறை கழட்டி வைச்சு, பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு வாங்க. ஹெட்போன் போனா வேற வாங்கலாம்.