விகிதம் போட்டு வரிசைப்படுத்தப் போறியா தம்பி?

மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்துவது யாருக்கும் வரும். ஒன்றை இன்னொன்றால் வகுத்து, அந்த விடைப்படி அடுக்கச் சொன்னால்தான் குவெரி காலை வாரும். உனக்குத்தான் கிரிக்கெட் தலைகீழ்ப் பாடமாச்சே, டெஸ்ட் பேட்டிங் சராசரியையே எடுத்துக்கொள். மொத்த ரன்னை, அவுட் ஆன எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பிராட்மேன் 6996 ரன், 70 முறை அவுட். சராசரி 99.94. போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டுமே முழு எண்ணாக இருந்தால் 99 என்றுதான் வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். அவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் கிரேம் பொல்லாக் 60.97, ஜார்ஜ் ஹெட்லி 60.83, சட்கிளிஃப் 60.73. மூவருமே 60 ஆகிவிட்டால், யார் முன்னே வருவார் என்பது டேட்டாபேஸின் இஷ்டம். ரன்னை 1.0 ஆல் பெருக்கிவிட்டு வகு. மைஎஸ்க்யூஎல் கேட்காமலே தசமம் தரும். அதில் பழகியவர்கள்தான் இங்கே வந்து மாட்டுவார்கள். ரவுண்ட் செய்வதைக் காட்டும் இடத்தோடு நிறுத்திக்கொள். முழு எண்ணாக ரவுண்ட் செய்து ஆர்டர் பையில் வைத்தால் மூவரும் 61, பழைய குருடி கதவைத் திறடி.

ஒருமுறைகூட அவுட் ஆகாதவரும் பட்டியலில் இருப்பார். பூஜ்யத்தால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் குவெரியையே நிறுத்திவிடும். அவுட் எண்ணிக்கையை நல்இஃப்புக்குள் போட்டு, பூஜ்யத்தை நல் ஆக்கிவிடு. அத்தோடு எழுந்து போய்விடாதே! இறங்குவரிசையில் போஸ்ட்கிரெஸ் நல்களைத்தான் தூக்கி உச்சியில் வைக்கும். ஆர்டர் பை முடிவில் ‘நல்ஸ் லாஸ்ட்’ சேர்.

வருடாவருடச் சராசரிக்கு மறுபடி சராசரி எடுக்கிற வேலையும் வேண்டாம். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒரே தடவை வகு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பிராட்மேன் முதலிடத்துக்கு வரமாட்டார். 1948-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி கேன்டோம் ஒரே ஒரு இன்னிங்ஸ் ஆடி 112 அடித்தார். பிறகு அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே தரவில்லை, பாவம். சராசரி 112, பிராட்மேனுக்கு மேலே ஜம்மென்று நிற்பார். என்னைக் கேட்டால் விகிதக் கணக்கின் பெரிய வில்லங்கமே இதுதான். எர்ரர் எதுவும் வராது, ரிப்போர்ட்டும் பார்க்க அழகாக இருக்கும். இதற்காகத்தான் சராசரிப் பட்டியல்களில் குறைந்தது 20 இன்னிங்ஸ் என்று வரம்பு வைப்பது வழக்கம். இன்னிங்ஸ் வாரி டேபிளைக் குரூப் செய்கிறாய் என்றால் அந்த வரம்பு ஹேவிங்கில் வர வேண்டும்.

ஆபீஸ் ரிப்போர்ட்டில் வரம்பு எவ்வளவு என்பதை நீயாக முடிவு செய்யாதே. கேட்டவரிடமே கேட்டு வாங்கி, தலைப்புக்குக் கீழேயே எழுதிவிடு.