ஊஞ்சல் காணச் சென்றவர்

தில்லியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் அறுபத்திரண்டாம் அகவையில் முதன்முறையாக வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்த நகரம் தாய்லாந்தின் தலைநகரான பாங்காக். "அங்கே எல்லாரும் துணிமணி வாங்கத்தானே போகிறார்கள்?" என்று உறவினர் நகைத்தனர். அவர் காண விரும்பியதோ ஓர் ஊஞ்சல்.

விமான நிலையத்திலேயே வியப்புத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அங்கே தேவரும் அசுரரும் பாம்பைக் கயிறாகப் பற்றிப் பாற்கடலைக் கடையும் பெருஞ்சிற்பம் நிற்கிறது. பாங்காக் என்பது வெளிநாட்டவர் வழங்கும் பெயர். தாய் மக்கள் தம் நகரைக் 'குருங் தேப்' என்பர். தேவர்களின் நகர் என்பது அதன் பொருள். முழுப்பெயரோ பாலியும் வடமொழியும் கலந்து பல வரிகளுக்கு நீளும். உலகின் மிக நீண்ட ஊர்ப்பெயர் அதுவே.

மறுநாள் காலை எட்டு மணி. ஆசிரியை உயர்மட்டத் தொடர்வண்டி நிலையத்தில் நின்றிருந்தார். திடீரென ஒலிபெருக்கியில் இசை எழுந்தது. ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. தின்பண்டப் பையைக் கையில் பிடித்திருந்த சிறுவனும் அசையவில்லை. அது அந்நாட்டின் நாட்டுப்பண். நாள்தோறும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் ஒலிக்கும். இசை ஓய்ந்த நொடியில் கூட்டம் மீண்டும் விரைந்தது.

1782ஆம் ஆண்டு முதலாம் இராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கீழ்க்கரையில் இத்தலைநகரை நிறுவியபோது, மக்கள் பெரிதும் படகுகளிலேயே சென்றனர். கால்வாய்களே தெருக்களாக இருந்தன. பின்னர் அவற்றுள் பல தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. சாலைகள் வண்டிகளால் அடைபட்டன. 1999ஆம் ஆண்டு முதல் தூண்களின்மேல் தொடர்வண்டி ஓடுகிறது. நீரிலிருந்து நிலத்திற்கும், நிலத்திலிருந்து வானத்திற்கும் இடம்பெயர்ந்த நகரம் எனலாம். ஆயினும் ஆற்றில் இன்றும் படகுகள் குறையவில்லை.

அரண்மனைக்கு அருகே அவர் நடந்துகொண்டிருந்தபோது, நன்கு உடுத்திய ஒருவர் கைகூப்பி வணங்கினார். "இன்று உள்ளே சடங்கு நடைபெறுகிறது அம்மா, பிற்பகலில்தான் திறப்பார்கள். அதுவரை வேறு கோயில்களைக் காணலாமே" என்று ஆங்கிலத்தில் கூறி, 'துக்-துக்' எனப்படும் மூன்று சக்கர வண்டியொன்றை அழைத்தார். கட்டணமும் மிகக் குறைவு. ஆசிரியை மகிழ்ந்து ஏறினார். வண்டி ஒரு சிறு கோயிலில் சற்று நின்றது, அடுத்து நகைக்கடை, பின்னர் மற்றொரு நகைக்கடை. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தபோது ஓட்டுநரின் முகம் மாறியிருந்தது. நண்பகல் கடந்து அரண்மனை வாயிலை அவர் அடைந்தபோது, அது காலை முதல் திறந்தே இருப்பதை அறிந்தார். முதன்முறை வருவோரிடம் பலகாலமாக நடக்கும் ஏமாற்று இது. பணம் பெரிதாகப் போகவில்லை, காலைப்பொழுது போயிற்று. அதைவிட, தாமே மாணவர்க்கு எச்சரிக்கை கூறிப் பழகியவர் ஏமாந்தார் என்பதே அவரை வருத்தியது.

அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோயிலைச் சூழ்ந்த திருச்சுற்றில், தாய்லாந்து இராமாயணமாகிய இராமகியன் 178 ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. அங்கே இராவணனுக்குத் 'தொத்சகன்' என்று பெயர். தசகண்டன் என்ற சொல் அவ்வாறு உருமாறியிருப்பதை உணர்ந்து ஆசிரியை தமக்குள் சிரித்துக்கொண்டார். ஓவியங்களில் பாதியைக்கூடக் காண்பதற்குள் காவலர் வெளியேறும் வழியைக் காட்டினர்.

களைப்புடன் படித்துறைக்கு வந்தார். பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமி அருகே வந்து, அவர் கையிலிருந்த விடுதி அட்டையைப் பார்த்து, தடுமாறிய ஆங்கிலத்தில், "இந்தப் படகு அன்று, அடுத்தது" என்றாள். ஆசிரியை அவளை ஏறிட்டும் பாராமல் பையை இறுகப் பற்றிக்கொண்டு வந்த படகில் ஏறினார். கரையில் நின்ற சிறுமி கையை ஆட்டி ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள்.

தகரக் குழலைக் குலுக்கியபடி பயணச்சீட்டுத் தர வந்த பெண் அட்டையைப் பார்த்ததும் தலையசைத்தார். விடுதி தெற்கே, படகு வடக்கே போகிறது. அடுத்த துறையில் அவரே ஆசிரியையைக் கைபிடித்து இறக்கி, எதிர்த்திசைப் படகு வரும் இடத்தைச் சுட்டினார். திரும்பும் வழியில் பழைய படித்துறையை ஆசிரியை உற்று நோக்கினார். அச்சிறுமி அங்கு இல்லை.

மூன்றாம் நாள் அவர் ஊஞ்சலைக் கண்டார். சிவந்த இரு தேக்குத் தூண்கள் நெடிது நிற்கின்றன; ஆடும் பலகை இல்லை. சிவபெருமான் மண்ணுலகிற்கு எழுந்தருளுவதைக் கொண்டாடும் விழாவில் இளைஞர் அதில் உயர ஆடி, கம்பத்தில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வுவராம். 1935ஆம் ஆண்டோடு அவ்வாட்டம் நின்றது. விழாவின் பெயர் 'திரியம்பாவை'. திருவெம்பாவை என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது. அருகிலுள்ள பிராமணர் கோயிலில் அச்சடங்கு இன்றும் நடைபெறுகிறது.

அக்கோயிலுக்கு வழி தெரியவில்லை. ஆசிரியை சற்றுத் தயங்கி நின்றார். பின்னர், எதிரே பூத்தொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் சென்று, கைகூப்பி, வழி கேட்டார்.

சொற்பொருள்
அகவை – வயது. நாட்டுப்பண் – தேசிய கீதம். தூர்க்கப்பட்டு – மண்ணிட்டு மூடப்பட்டு. திருச்சுற்று – கோயிலைச் சுற்றியுள்ள நடைவழி. படித்துறை – படகேறும் கரை.

வினாக்கள்
1. பாங்காக் மக்களின் போக்குவரத்து எவ்வாறு மாறிவந்தது?
2. தொத்சகன், திரியம்பாவை ஆகிய பெயர்கள் எவற்றிலிருந்து உருமாறின?
3. ஆசிரியை சிறுமியின் சொல்லை ஏன் ஏற்கவில்லை? அச்சிறுமியின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு பத்தியில் எழுதுக.