பானப் பெட்டியும் பழைய தாளும்: மறுபயன், மறுசுழற்சி பற்றிய ஓர் ஆய்வு

மறுபயன்பாடு, மறுசுழற்சி என்னும் இரு சொற்களும் இன்று மேடைதோறும் இணைந்தே ஒலிக்கின்றன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேசுவோரும் உளர். ஆயினும் இரண்டும் வேறு வேறு. ஒரு பொருள் தன் வடிவம் கெடாமல் வேறொரு வேலைக்கு உதவுமாயின் அது மறுபயன்; வடிவம் அழிந்து, அதன் மூலப்பொருள் பிரிந்து, வேறொரு பொருளாகப் பிறக்குமாயின் அது மறுசுழற்சி. ஊறுகாய்ப் புட்டியில் உப்பு வைப்பது முன்னது. உடைந்த புட்டி உலைக்குச் சென்று புதுக் கண்ணாடியாவது பின்னது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கவல்ல பொருள் ஒன்று நம் வீடுகளிலேயே நாள்தோறும் காலியாகின்றது. அதுவே பழச்சாறும் மோரும் இளநீரும் அடைத்து வரும் அட்டைப் பெட்டியாகும். கடைக்காரர் அதனை ‘டெட்ரா பாக்கெட்’ என்பர். பிள்ளைகளுக்கோ உள்ளிருக்கும் பானத்தின் பெயரே பெட்டிக்கும் பெயர்.

பதநீர் பருகப் பனையோலைப் பட்டையும், வழிநடைக்குச் சுரைக்குடுவையும் கொண்டிருந்தவர் நம் முன்னோர். குடித்து முடித்த பட்டையை ஆடு தின்னும், எஞ்சியது மண்ணாகும். அக்காலத்தில் ‘குப்பை’ எனும் சொல் பெரிதும் எருவையே குறித்தது. இன்று அச்சொல்லின் பொருள் மாறியமைக்கு மட்காத உறைகளே காரணம் எனலாம்.

இப்பெட்டியின் பிறப்பிடம் சுவீடன் நாடு. அந்நாட்டின் லுண்ட் நகரில் ரூபன் ரௌசிங் என்பார் 1951-ஆம் ஆண்டு டெட்ரா பாக் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முதலில் வந்த உறை நான்கு முகங்கொண்ட முக்கோணக் கூம்பு. ‘டெட்ரா’ எனின் கிரேக்க மொழியில் நான்கு என்பது பொருள், பெயர்க்காரணம் அதுவே. செங்கல் வடிவப் பெட்டி 1963-இல் வந்தது. இந்தியாவில் 1985-இல் விற்பனைக்கு வந்த ஃப்ரூட்டி மாம்பழப் பானமே இவ்வுறையைப் பட்டிதொட்டியெங்கும் அறிமுகம் செய்தது. குளிர்ப்பெட்டி இன்றியும் பல திங்கள் கெடாதிருக்கும் இப்பெட்டி, மின்சாரம் அடிக்கடி தடைப்பட்ட சிற்றூர்க் கடைகளுக்கு ஒரு வரமாகவே அமைந்தது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

கெடாதிருத்தலின் இரகசியம் அதன் அடுக்குகளில் உள்ளது. பெட்டியைக் கத்தரித்து நீரில் ஒருநாள் ஊறவிட்டு உரித்துப் பார்ப்போர் இதனைக் காணலாம். வெளிப்புறம் மெல்லிய பாலித்தீன், அடுத்துத் தடித்த தாள், மீண்டும் பாலித்தீன், அதன்பின் அலுமினியத் தகடு, உட்புறம் மேலும் இரு பாலித்தீன் படலங்கள். ஆக ஆறு அடுக்குகள். எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தாள். ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன். இருபதில் ஒரு பங்கு அலுமினியம். தாள் பெட்டிக்கு உறுதி தருகின்றது. அலுமினியம் ஒளியையும் காற்றையும் தடுக்கின்றது. பாலித்தீன் நீரைத் தடுத்து அனைத்தையும் ஒட்டிவைக்கின்றது. உண்ணும் பொருளைக் காத்த அதே ஒற்றுமைதான், உண்டபின் பிரிக்கவொண்ணாத இடராகின்றது.

தேனி நகரையடுத்து, கம்பம் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி பழனிசெட்டிபட்டி. அருகே முல்லைப் பெரியாறு ஓடுகின்றது. அங்கே சாக்கடையில் எறியும் பெட்டி ஒரு மழைக்கு ஆற்றிலிறங்கி, வைகை அணையை நோக்கிப் பயணப்படுதல் இயல்பு. அணைநீர் மதுரை மக்களின் குடிநீர் என்பதை நாம் அறிவோம். தாள் ஊறிக் கரைந்துவிடும். பாலித்தீனும் அலுமினியமும் இணைந்த படலமோ கரையாது.

இவ்வூரில் பழைய தாள் வாங்கும் கடை ஒன்றிற்கு யாம் ஒருமுறை வீட்டில் சேர்ந்த செய்தித்தாள்களோடு ஒரு பை நிறையப் பானப் பெட்டிகளையும் எடுத்துச் சென்றோம். கடைக்காரர் தாளை நிறுத்தார்; பெட்டிகளைத் திருப்பித் தந்தார். “தாளோட போட்டா தாள்காரன் திருப்பி விடுறான், பிளாஸ்டிக்கோட போட்டா அவனும் வேணாங்குறான். நான் என்னங்க செய்றது?” என்றார். சினமின்றி அவர் சொன்ன அச்சொற்கள் எம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தன. தாளாகவும் இல்லை, பிளாஸ்டிக்காகவும் இல்லை, எடையோ சொற்பம். சிறிய 200 மில்லி பெட்டி ஒன்றின் எடை சுமார் 10 கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ சேர நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் வேண்டும்! நூறு பெட்டிகளைத் தெருத்தெருவாய்க் குனிந்து பொறுக்கும் ஒருவருக்கு என்ன கூலி கிட்டும்? அவர் ஒரு புட்டியைக் கண்டால் எடுப்பதும் இப்பெட்டியைக் கண்டால் கடந்து செல்வதும் அறியாமையன்று, கணக்கு.

அவ்வாறாயின் இப்பெட்டிக்கு மதிப்பே இல்லையோ எனின், உண்டு. நம் நாட்டுக் காகித ஆலைகளுக்கு நெடிய மர இழை அரிது. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்து புகழ்பெற்றது. ஆயின் சக்கையின் இழை குட்டையானது. பானப் பெட்டியின் அட்டையோ பெரும்பாலும் குளிர்நாட்டு ஊசியிலை மரங்களின் நீண்ட, வலிய இழையாலானது. பெரிய தொட்டியில் நீருடன் இட்டுச் சுழற்றினால் அரைமணி நேரத்திற்குள் தாள் கூழாகிப் பிரிந்துவிடும். அக்கூழ் குறிப்பேடாகவும் அட்டையாகவும் மாறும். எஞ்சும் பாலித்தீன்–அலுமினியக் கலவையை உருக்கிக் குருணைகளாகவோ கூரைத் தகடுகளாகவோ ஆக்குவர். மற்றொரு முறையும் உண்டு: பெட்டிகளை அப்படியே துண்டுதுண்டாக்கிச் சூட்டில் அழுத்துவர், உருகும் பாலித்தீனே பசையாகிப் பலகை கிட்டும். பசை வாங்கும் செலவில்லை என்பது இதன் நயம். மும்பையில் ‘கார்ட்டன்ஸ் லே ஆவோ, கிளாஸ்ரூம் பனாவோ’ என்ற திட்டத்தின்கீழ்க் கடைகளில் மக்கள் தந்த காலிப் பெட்டிகள் இவ்வாறே பலகையாகிப் பள்ளி மாணவர்க்கு மேசையும் இருக்கையுமாயின.

ஆகவே குறைபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. அடுப்படிக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட வழியில் உள்ளது. அவ்வழியின் முதல் அடி நம் வீட்டில் தொடங்குகின்றது. பெட்டியில் எஞ்சிய இனிப்பு நீர் இரண்டு நாளில் புளித்து, எறும்பையும் ஈயையும் அழைக்கும். அத்தகைய பெட்டியை எவரும் சேர்த்துவைக்க மாட்டார். பாத்திரம் அலசிய கடைசி நீரைச் சிறிது ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாலே போதும். இதற்கென நல்ல நீரைச் செலவிட வேண்டுவதில்லை. பின்னர் மேலும் கீழும் மடித்து ஒட்டிய நான்கு காதுகளையும் நிமிர்த்திக் காற்றை வெளியேற்றி அழுத்தினால் பெட்டி ஓர் அட்டைபோல் தட்டையாகிவிடும். வெயிலில் ஒருநாள் காயவிட்டால் எத்தனை மாதமாயினும் நாற்றமின்றி இருக்கும். உறிஞ்சுகுழலைத் தனியே எடுத்துவிடுதல் வேண்டும். பிளாஸ்டிக் குழல்களுக்கு 1-7-2022 முதல் நாடெங்கும் தடை வந்தபின் பெரும்பாலும் தாள் குழல்களே வருகின்றன.

மறுபயனைப் பொறுத்தவரை, கம்பம் பள்ளத்தாக்கு உழவர் பூமியாதலின் நாற்றுவளர்ப்பே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஒரு லிட்டர்ப் பெட்டியின் மேற்பகுதியை வெட்டி, அடியில் மூன்று துளையிட்டு மண்ணும் எருவும் நிரப்பினால் முருங்கை, பப்பாளி, கத்தரி விதைகளுக்கு அது நல்ல தொட்டி. கறுப்புப் பாலித்தீன் பைக்கு மாற்றாகவும் அமையும். ஆயினும் இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாற்றைப் பெட்டியோடு மண்ணில் புதைத்தலாகாது. தாள் மட்கும், படலம் மட்காது. வேர் அதனுள் சுருண்டு நிற்கும். நாற்றை எடுத்தபின் பெட்டி மீண்டும் குப்பையே, அதுவும் மண்படிந்த குப்பை. பணப்பை, எழுதுகோல் குவளை முதலிய கைவினைகளும் இவ்வாறே. மறுபயன் குப்பையின் வாழ்நாளைச் சற்று நீட்டுகின்றது, குப்பையை ஒழிப்பதில்லை. பள்ளிக் கண்காட்சிகளில் இவ்வுண்மையை யாரும் சொல்வதில்லை என்பது எம் குறை.

எரித்தல் கூடவே கூடாது. தாள் எரிந்து, பாலித்தீன் கரும்புகையாகி, அலுமினியம் சாம்பலில் செதில்செதிலாய் மின்னிக்கொண்டிருக்கும்.

பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் அடுக்காய் அமைந்த உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தின. தமிழகத்து உள்ளாட்சிகள் பலவற்றில் விலைபோகாத உறைகள் சிமெண்ட் ஆலைகளின் உலைக்கு எரிபொருளாகச் செல்கின்றன. ஆற்றில் மிதப்பதினும் இது மேல்தான். ஆயினும் அந்த நல்ல இழை வீணாகின்றதே! இதனினும் சிறந்த முன்மாதிரி நீலகிரி மாவட்டத்தில் உள்ளது. அங்கே காலி மதுப்புட்டியைத் திருப்பித் தருவோர்க்குப் 10 ரூபாய் வழங்கும் முறை, உயர்நீதிமன்ற வழிகாட்டுதலின்படி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. பண்டம் யாதாயினும் முறை நோக்கத்தக்கது: காட்டில் எறியப்பட்ட புட்டிகள் விலை ஒன்று கிடைத்தவுடன் கடைக்குத் திரும்பின. பானப் பெட்டிக்கு ஒரு ரூபாய் வைப்புத்தொகை இருந்தால் நூறு பெட்டிக்கு நூறு ரூபாயாகும். பொறுக்குபவரின் கணக்கு அன்றே மாறிவிடும்.

அண்மையில் அக்கடைக்காரரிடம் இதுபற்றி மீண்டும் பேசினோம். பெட்டிகளைக் கழுவித் தட்டையாக்கித் தனியே தந்தால், ஒரு சாக்கைக் கடையின் ஓரத்தில் வைத்துக்கொள்ள இசைந்தார். பத்துச் சாக்கு சேர்ந்தால்தான் வெளியூர் வண்டிக்காரரிடம் விலை கேட்க முடியும் என்றும், அதுவரை காசு தர இயலாது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். எம் தெருவின் முதற்சாக்கு இப்போது பாதிக்கு மேல் நிறைந்துள்ளது.