கயிறு ஏறக் கால் பழகணும்

கேள்வி: இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வு எழுதியிருக்கிறேன், தேறிவிடுவேன் என்று நம்புகிறேன். 1500 மீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறேன். கயிறுதான் பிரச்சினை. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான், கையில் பலம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மூன்று மீட்டர் தாண்டுவதற்குள் முன்கை இறுகி, விரல் விட்டுப்போகிறது. உள்ளங்கைத் தோலும் பிய்கிறது. என்ன செய்யலாம், ஐயா?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: மூட்டை தூக்கும் கைதான் உங்களைக் கவிழ்க்கிறது, தம்பி. பலம் இருக்கிற தைரியத்தில் கையை மட்டும் நம்பி ஏறுகிறீர்கள். உடல்திறன் தேர்வில் தரத்தை நட்சத்திரக் கணக்கில் போடுகிறார்கள்: கயிறு ஏறுவதில் ஒரு நட்சத்திரத்துக்கு 5 மீட்டர், இரண்டு நட்சத்திரத்துக்கு 6 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கு உடம்பு மொத்தத்தையும் கையாலேயே இழுத்துப்போக எல்லோராலும் ஆகாது.

கால் பூட்டுப் பழகுங்கள். கயிறு வலது காலின் வெளிப்புறமாகத் தொங்கட்டும். வலது பாதத்துக்கு அடியில் இடது பாதத்தை விட்டுக் கயிற்றை வாரி எடுத்து, வலது பாதத்தின் மேலே போட்டு, இடது காலால் அழுத்தி மிதியுங்கள். பூட்டு சரியாக விழுந்தால் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலும் உடம்பு வழுக்காது. முதலில் கயிற்றுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பழகலாம். சின்னப்பிள்ளை வேலை என்று பையன்கள் இதைத் தவிர்ப்பார்கள், நீங்கள் தவிர்க்காதீர்கள். பூட்டியதும் முட்டியை நீட்டி எழுந்து நில்லுங்கள். கைகளை மேலே மாற்றுங்கள். கை நீண்டிருக்க, முட்டியை நெஞ்சுவரை இழுத்து மறுபடி பூட்டுங்கள். கால் மேலேறும் அந்த நேரம் பூரா முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் முன்கை இறுகத்தான் செய்யும்.

தோல் பிய்வது பெரும்பாலும் இறங்கும்போது. சர்ரென்று வழுக்கி வராமல், கைமாற்றிக் கைமாற்றி இறங்குங்கள். புண் ஆறும்வரை கயிற்றைத் தொடவேண்டாம்.

கிணற்றுக் கயிறு மெலிசு, பழக உதவாது. பிடி நிறைகிற மொத்தமான வடமாகப் பாருங்கள். 6 மீட்டர் என்பது ஏறக்குறைய இருபது அடி. அதற்கும் மேலே, நல்ல வைரம் பாய்ந்த கிளையில் கட்டவேண்டும். ஏறுமுன் இரண்டு பேர் தொங்கிப் பார்த்துவிடுங்கள், கீழே மணல் கொட்டுங்கள். 5 மீட்டரிலும் 6 மீட்டரிலும் சிவப்புத் துணி கட்டிவைத்தால் கண்ணுக்கு இலக்கு தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நாள் முழுக்க மூட்டை தூக்கிய கைக்கு ஓய்வும் பயிற்சிதான். வாரவிடுமுறை நாளில் ஏறினால் இன்னும் நல்லது. விரல்பிடிக்கு, ஈரத்துண்டைக் கிளையில் போட்டு இரு முனையையும் பிடித்துத் தொங்குங்கள்.

1500 மீட்டரில் ஏழு நிமிடத்துக்குள் வந்தால் தேர்ச்சி, அவ்வளவுதான். உங்கள் ஓட்டம் போதும். அங்கே இன்னும் வேகம் தேடி முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மைதானத்து வாசலில் ஸ்டாமினா பவுடர், ஊசி என்று யார் எதைக் காட்டினாலும் கிட்டேயே போகவேண்டாம்.

மிச்ச நேரத்தை, தேர்வில் ஓடப்போவது 100 மீட்டரா 400 மீட்டரா என்று முடிவுசெய்வதில் போடுங்கள். 100 மீட்டரில் 15 விநாடிக்கு ஒரு நட்சத்திரம், 13.5க்கு இரண்டு, 400 மீட்டரில் 80க்கு ஒன்று, 70க்கு இரண்டு. நண்பர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து இரண்டையும் வெவ்வேறு நாளில் ஓடிப் பாருங்கள். உங்கள் 1500 மீட்டர் நேரத்தைப் பார்த்தால் எனக்கென்னவோ 400தான் உங்களுக்கு ஒத்துவரும் என்று படுகிறது.