வேருக்குக் காற்று

அன்புள்ள மருமகளுக்கு,

பண்டாரவளையில் வாங்கிய பூந்தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பது ரிஜிபோமா என்று கேட்டிருந்தாய். இல்லை, அது கல். பேர்லைட் என்பார்கள்.

எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் படிகமாகாமல் கண்ணாடியாகிவிடும். அந்தக் கண்ணாடி காலப்போக்கில் தன் எடையில் 2 முதல் 5 சதவீதம் வரை நீரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதை நொறுக்கி 900 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் காட்டினால் கல் இளகும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முட்டும். நெல்லுப் பொரிவதுபோலக் கல் பொரியும். பருமன் 4 முதல் 20 மடங்கு வரை கூடும். ஒரு மணியை நகங்களுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார், நறநறவென்று மாவாகிவிடும். உள்ளே அவ்வளவும் காற்றறைகள்தான். தீப்பற்றாது, சூட்டைக் கடத்தாது. அதனால்தான் திரவ இயற்கை எரிவாயுத் தாங்கிகளின் இரட்டைச் சுவருக்கிடையில் இதைக் கொட்டி நிரப்புகிறார்கள். பழச்சாறு வடிக்கவும், பாரமில்லாத சுவர்ப்பூச்சுக்கும் இதுவே.

நம் ஊவா மலைகளில் இதைத் தோண்டி எடுக்க வழியில்லை. இங்குள்ளவை நிலத்தின் அடியாழத்தில் வெந்து அழுந்தி உருமாறிய பழம்பாறைகள். பேர்லைட் கிரேக்கத்தின் மிலோஸ் தீவிலும் துருக்கியிலும் சீனாவிலும் வெட்டப்படுகிறது. இங்கே கப்பலில்தான் வரவேண்டும், விலையும் அதற்கேற்றபடிதான்.

ஆனால் தொட்டியில் அது செய்யும் வேலையைப் பார். சத்து எதுவும் தருவதில்லை. மண் இறுகாமல் இடம் விடுகிறது, அவ்வளவுதான். வேரும் மூச்சு விடும், பிள்ளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தவறணைப் பையில் தண்ணீர் வடியாமல் நின்றால், தேயிலைத் துண்டு வேர்விடும் முன்பே அடியில் கறுத்து அழுகிவிடும். வெயில் போதவில்லை, உரம் போதவில்லை என்பார்கள். பல நேரம் போதாதது காற்று.

வேருக்கு அப்படிக் காற்றிடம் தர நம்மிடமே பொருள் உண்டு. வெலிமடைப் பக்கம் பொலித்தீன் கூடாரங்களில் குடைமிளகாய் வளர்ப்பவர்கள் தும்புச்சோற்றில்தான் நடுகிறார்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடு. தும்புச்சோறு மட்டும் போட்டால் ஈரம் அதிகம் பிடிக்கும். கரியாக்கிய உமியோ பருமணலோ கலந்துகொள். தேயிலைக்கு மட்டும் இந்தக் கலவை வேண்டாம். அதற்குரிய அமில மண் எதுவென்று பசறையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனக் கிளையில் கேள். என் எண்ணத்தில், விதை முளைக்கவைக்கும் சிறு தட்டுக்கு மட்டும் பேர்லைட் வாங்கலாம். தொட்டிகளுக்கு வாங்குவது வீண்செலவு.

வாங்கினால் ஒன்று: பையைத் திறந்ததும் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டே அள்ளு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அன்புடன்,
மாமா