பாக்குப் போட்ட பல்லுக்கு என்ன வைத்தியம்?



மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்கு வராது, பல்லைப் பற்றி எழுதுகிறேன். ஒர்க்‌ஷாப் முடிந்ததும் நம்மில் சிலர் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு வருவது ஊரறிந்த ரகசியம். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-இல் தமிழ்நாட்டில் தடை வந்தது. கேட்கிற ஆளுக்குப் பொட்டலம் கிடைக்காமலா இருக்கிறது?

உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல்தான். கொட்டைப்பாக்கை நாள் முழுக்க மென்றால் அதுவும் தேயும். தேய்ந்தது திரும்ப வளராது. உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் தெரிந்ததும் பல் கூசும். புகையிலையை ஒரே இடத்தில் அடக்குபவர்களுக்கு அங்கே ஈறு இறங்கி வேர் தெரியும்.

கறையும் காரையும் கிளீனிங்கில் போய்விடும். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும்டா" என்பார்கள். ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். சின்னக் குழிக்கும் தேய்மானத்துக்கும் ஃபில்லிங். சொத்தை நரம்பு வரை போனால் ரூட் கேனால் செய்து மேலே கேப். அதுவும் முடியாவிட்டால் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல், பிரிட்ஜ் அல்லது இம்ப்ளான்ட்.

ஆனால் இத்தனைக்கும் முதலில் வாய் திறக்க வேண்டுமே! பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது கன்னத்தின் உட்பகுதியில் நார்த்திசுவைப் பெருக்கி இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டாலே எரியும். பிறகு வாய் சுருங்கும். சிலருக்கு இது புற்றுநோயாகவும் மாறுகிறது.

மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு கணக்கு. ரூட் கேனால் ஃபைலில் 15-ஆம் நம்பர் என்றால் நுனி விட்டம் 0.15 மி.மீ. நீளம் 21 அல்லது 25 மி.மீ., அதற்கு மேல் கைப்பிடி, டாக்டரின் விரல். தாடையோ கீல் போட்ட கதவு மாதிரி. முன்னால் 20 மி.மீ. திறந்தால் கடைவாயில் அதைவிடக் குறைவு. ஃபைலை எப்படி நேராக இறக்குவது? காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டியதாகிறது. பிடுங்குவதும் அப்போது லேசல்ல.

இப்போதே சோதித்துப் பாருங்கள். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். சாதாரணமாக மூன்றும் நுழையும். இரண்டுதான் போகிறதென்றால் பல்வலி வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் மருந்து பொட்டலத்தை விடுவது. அதை விடாமல் வேறு எது செய்தாலும் வீண். பிறகு கன்னத்தில் ஊசி போடுவார்கள், முற்றினால் ஆபரேஷன். கூடவே பயிற்சி: ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, சில நாளுக்கொரு முறை ஒரு குச்சி கூட்ட வேண்டும். இறுகிய நார் முழுசாக இளகுவதில்லை. ஆனால் ஃபைல் நுழைகிற அளவுக்குத் திறந்தாலே ஒரு கடைவாய்ப்பல் பிழைத்துவிடும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ஸ்டேஷன் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் அதிகம். என்ன போடுகிறீர்கள், எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்பார். அங்கே மட்டும் பொய் சொல்லாதீர்கள்.